தண்டவாளத்தோரத்து மனை

என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கோபத்தோடு வருவார்கள். மீதிப் பேர் அவசரத்தோடு வருவார்கள். அரசாங்க ஆபீசுகளுக்கு எதிரில் கடை போட்டால் வேறு யார் வருவார்கள்? பழமலைநாதன் சார் மட்டும் இரண்டும் இல்லாமல் வருவார். ஆள் நல்ல உயரம். பாதி இறக்கிய ஷட்டருக்குக் குனிந்து உள்ளே வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

"சார், நீங்கதான மொதல்ல வந்தீங்க. வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"அவங்களுக்கு என்னா அவசரமோ ஜெயஸ்ரீ. எனக்கு மத்தியானம்தான் பஸ்ஸு."

இந்த மனிதரோடு எந்தப் பெண்ணால் குடித்தனம் நடத்த முடியும் என்று அப்போதே நினைத்தேன். விளையாட்டாகத்தான் நினைத்தேன்.

அவர் வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. தொழிற்பேட்டைக்காரர்கள் 'பர்மிஷன் சார்' என்பார்கள். விருத்தாசலத்தில் ஒருவர் பீங்கான் பொம்மை சுடுவதற்குக் கேஸ் சூளை வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு ஓர் ஆபீஸ், புகைக்கு ஓர் ஆபீஸ், தீ பிடித்தால் அணைக்கிறவர்களுக்கு ஓர் ஆபீஸ். இவை எல்லாம் மாநில அரசு. கேஸ் தொட்டிக்கு மட்டும் மத்திய அரசு. மாநிலத்தின் சான்று வரட்டும், பிறகு தொட்டியைப் பார்க்கிறோம் என்பார்கள் அவர்கள். தொட்டி எங்கே வரும் என்று தெரியட்டும், பிறகு கட்டடத்தைப் பார்க்கிறோம் என்பார்கள் இவர்கள். கல்யாணப் பந்தியில் 'நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க' என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் நிற்பார்களே, அந்தக் கதைதான். நடுவில் நின்று இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் உட்கார வைப்பதுதான் பழமலைநாதன் சார் செய்த வேலை.

மாநிலத்துக் கோப்புக்குப் பச்சைக் கயிறு, மத்திய அரசுக் கோப்புக்குச் சிவப்புக் கயிறு. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கடலூருக்கும் சென்னைக்கும் திருச்சிக்கும் போய் வருவார். எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது, இனி அலைச்சலே இல்லை என்று பேப்பரில் போடுகிறார்கள். ஆன்லைனில் போனதையெல்லாம் என் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டுதான் ஆபீசுக்கு ஓடுகிறார்கள். அதில்தான் என் அடுப்பு எரிகிறது, அதனால் நான் குறை சொல்லக் கூடாது.

அவர் அனுமதி வாங்கிக் கொடுத்த கம்பெனிகளின் திறப்பு விழாப் படங்களை நான் லேமினேட் செய்து கொடுத்திருக்கிறேன். ரிப்பன் வெட்டுகிறவர் இருப்பார், சாமியார் இருப்பார், யாரோ ஒரு மச்சான் கூலிங்கிளாஸோடு இருப்பார். எந்தப் படத்திலும் இவர் இருக்கமாட்டார். அன்றைக்கு அவர் இன்னொரு கம்பெனிக்காக இன்னொரு ஊரில் ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அவர் மனைவி பெயர் பெரியநாயகி. எங்கள் ஊர்க் கோயிலில் சுவாமி பழமலைநாதர், அம்மன் பெரியநாயகி. பெண் பார்க்கப் போன அன்றைக்கே பெயர்ப் பொருத்தம் ஒன்றே போதும் என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்களாம். "சாமிக்கும் அம்மனுக்கும் ஊருல அவ்ளோ பெரிய வூடு. எங்களுக்கு வாடகை வூடு" என்று அந்த அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

அக்கா குள்ளம். வாடகை வீட்டுச் சமையல் மேடை யாரோ நெட்டைக்காரர்களுக்குக் கட்டியது. ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் அவர் சமைப்பார். குழம்பைக் கிளறிவிட்டு இறங்குவார், உப்பை எடுத்துக்கொண்டு ஏறுவார். ஒரு தடவை தடுமாறிக் கையைச் சுட்டுக்கொண்டார். சேலம் ரயில் பாதை ஓரத்தில் மனை வாங்கியபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ரெண்டு ரூமோ மூணு ரூமோ, எப்பிடி வேணா கட்டுங்க. சமையல் மேட மட்டும் என் ஒசரத்துக்கு வேணும்."

சார் அக்காவை வெறும் மனையில் நிற்க வைத்து, முழங்கைக்கு நேராக ஒரு குச்சியைப் பிடித்து அளவு எடுத்தார். அந்த அளவைப் பிளானிலேயே போட வேண்டும் என்று இன்ஜினியரிடம் மல்லுக்கு நின்றார். சமையல் மேடை உயரத்தையெல்லாம் யாரும் பிளானில் போடுவதில்லை என்று இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார்.

அந்த மனையில் ஒரு வில்லங்கம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் குறிப்பிட்ட தூரத்துக்குள் வீடு கட்டினால் ரயில்வேயின் தடையில்லாச் சான்று வேண்டும். மனையின் பின்பாதி அந்தத் தூரத்துக்குள் வந்தது. அப்படிப் பார்த்தால் அந்தத் தெருவே வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்ன செய்தார்கள்? நல்ல நாள் பார்த்தார்கள், கடைக்கால் தோண்டினார்கள், கட்டினார்கள், மாடியும் எடுத்தார்கள். காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எங்கள் பக்கம் வீடு அப்படித்தான் எழும்பும். ஊருக்கே அனுமதி வாங்கிக் கொடுத்தவர் மட்டும் சிவப்புக் கயிறு கட்டி ஒரு கோப்பு, பச்சைக் கயிறு கட்டி ஒரு கோப்பு என்று தனக்கும் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தார்.

அவர் இவ்வளவு பயந்ததற்கும் காரணம் இருக்கிறது. தொழிற்பேட்டையில் சாமிதுரை என்று ஒருவர், அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறவர், கடன் வாங்கிப் புதுக் கேஸ் சூளை வைத்தார். எல்லா அனுமதியும் வந்துவிட்டது. சூளையை இயக்குவதற்கான கடைசி உத்தரவு மட்டும் பாக்கி. அதற்குள் ஆனி மாதம் முடிகிறது. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு நல்ல காரியம் கிடையாது. சாமிதுரை என் கடையிலேயே வைத்துத்தான் கேட்டார்.

"சார், கடைசி முகூர்த்தம் போனா ஆவணிதான். சும்மா பேருக்கு ஏத்தி ஒரு சாமி பொம்ம மட்டும் சுட்டு எடுத்துக்கறேன். உத்தரவு வந்தப்பறம் வேலையத் தொடங்கிக்கலாம். என்னா சொல்றீங்க?"

சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பையின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். சாமிதுரை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

முகூர்த்தத்தன்று மாவிலை கட்டி, கற்பூரம் காட்டி, சூளையைப் பற்ற வைத்தார்கள். பக்கத்துக் கம்பெனியைப் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் மேளச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்கும் பொங்கல் கொடுத்திருக்கிறார்கள். அவர் பொங்கலை வாங்கிக்கொண்டு, உத்தரவைக் கேட்டார். சூளைக்கு சீல் வைத்துவிட்டார்கள். அதை உடைத்துத் திறப்பதற்குள் கொலு போயிற்று, கார்த்திகை தீபமும் போயிற்று. அகல் விளக்கு செய்கிறவருக்குக் கார்த்திகை போனால் அந்த வருஷமே போனது. வேலை செய்த பெண்கள் கம்மாபுரம் பக்கம் களையெடுக்கப் போனார்கள். சாமிதுரை சாரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சார் தேறியிருப்பார் என்று இப்போதும் நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். உத்தரவு கையில் வராமல் ஒரு செங்கல்லை நகர்த்தவிடமாட்டார். யாராவது நல்ல நாள் என்று வாயெடுத்தால் முகம் கறுத்துவிடும்.

அடுத்த வைகாசியில் அக்கா ஒரு நாள் குறித்துக்கொண்டு வந்தார். ஜோசியர் குறித்துக் கொடுத்தது. வீடு கட்ட வேண்டாம், பூசை மட்டும் போட்டு ஈசானிய மூலையில் ஒரே ஒரு கல் வைத்தால் போதும், மீதி தானாக நடக்கும் என்றார்.

"ஒரு கல்லும் கட்டுமானம்தான்" என்றார் சார்.

"அந்தத் தெருவுல எல்லாரும் குடியே வந்துட்டாங்க. நமக்கு ஒரு கல்லு ஆகாதா?"

"அவங்க யாரும் இந்த வேல பாக்கல. நாளைக்கு நான் போயி ஒரு ஆபீசுல எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

அக்கா அந்த நாள் தாண்டும்வரை காத்திருந்தார். தாண்டிய மறுநாள் என் கடைக்கு வந்து ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.

எங்கள் ஊரில் எந்த ஆபீசிலும் ஆகாத காரியத்துக்குக் கடைசியாக ஓர் ஆபீஸ் உண்டு. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். என் காரியம் இன்னது, நீதான் முடித்துத் தர வேண்டும் என்று சாமிக்கு மனுப் போல எழுத வேண்டும். அதற்குப் பிராது என்று பெயர். பூசையில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதியில் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் முடிந்தால் கட்டியவரே போய் வாபஸ் வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் சாமி வாசலில் வழக்கு நிலுவையில் நிற்கும். அக்கா என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். மனைக்கு அனுமதி வர வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் குடியேற வேண்டும். அவ்வளவுதான். எழுதிக்கொண்டிருக்கும்போதே சார் வந்துவிட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"சர்வே நம்பர் போடலியே?"

"சாமிக்கு எதுக்குங்க சர்வே நம்பரு?"

"எந்த மனைன்னு தெரிய வேணாமா?" என்று சொல்லி, அவரே பேனாவை எடுத்து சர்வே எண்ணை எழுதி, நான்கு எல்லைகளையும் குறித்தார். வடக்கே ரயில்வே இடம் என்று எழுதி அடிக்கோடும் போட்டார். நானும் அக்காவும் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த இரண்டு பேரும் சேர்ந்து என் கடையில் இருந்தது அதுதான் கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவர்களுக்கு ஒரே மகன், கொளஞ்சிநாதன். சேலத்தில் பேங்கில் வேலை. மருமகளும் வேலைக்குப் போகிறவள். பேத்தி பிறந்ததும் அக்கா மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். "சான்று வந்தா போன் பண்ணுங்க, அடுத்த வண்டியிலயே வந்துடறேன்" என்றார். சான்று வரவில்லை. ரயில்வேகாரர்களைக் குற்றம் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. பாதையை அகலமாக்க அளவெடுக்கிறோம், அளவு முடியாமல் யாருக்கும் சான்று தர முடியாது என்றார்கள். கொரோனா வந்தது, அளவு நின்றது. மறுபடி ஆரம்பித்தபோது அதிகாரிகள் மாறியிருந்தார்கள். பேத்தி நடந்தாள், ஸ்கூலுக்குப் போனாள். அக்கா மாசி மகத்துக்கு வருவார், நாலு நாள் இருப்பார், சேலம் பாசஞ்சரில் திரும்பிப் போவார்.

"சார், நீங்களும் சேலத்துக்கே போயிடலாம் இல்ல?" என்று கேட்டிருக்கிறேன்.

"கோப்பு நடுவுல நிக்குதேம்மா. நான் போயிட்டா யாரு பாப்பாங்க?"

கோப்பு, கோப்பு! சில நாள் அந்தப் பையைப் பிடுங்கி மணிமுத்தாற்றில் போட்டுவிடலாம் போல இருக்கும். ஆனால் அவர் மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போது அந்தக் கோபமும் நிற்காது. எதிர் நாற்காலியில் பையை வைத்திருப்பார். பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் ரசத்தைத் தள்ளி வைப்பார், உப்பை நகர்த்திக் கொடுப்பார். அவ்வளவுதான் அன்றைக்கு அவர் இன்னொரு மனிதரோடு வைத்துக்கொண்ட உறவு.

சாயங்காலம் ஊரில் இருந்தால் மனைக்குப் போவார். என் வீடு அதற்கு அடுத்த தெரு. கடையைச் சாத்திவிட்டுப் போகும்போது பார்ப்பேன். சுற்றிலும் இரண்டு மாடி, மூன்று மாடி, டிவி சத்தம், குக்கர் விசில். நடுவில் வெறும் மண். முளைக்கிற கருவேலஞ்செடிகளை அவரே பிடுங்கிப் போடுவார். ஒரு லோடு மணல்கூட இறக்கி வைக்கவில்லை, உட்கார ஒரு செங்கல் கிடையாது. எல்லைக் கல்லின்மேல் உட்கார்ந்து சேலத்துக்குப் போன் போடுவார்.

"எங்க இருக்கீங்க?" என்று அக்கா கேட்பது ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்கும்.

"மனையிலதான்."

"வண்டி வருதா?"

"வருது." போனைத் தண்டவாளத்தின் பக்கம் நீட்டுவார். சேலம் வண்டி கடகடவென்று போகும். அது போய் முடிந்த பிறகுதான் மறுபடி பேசுவார்கள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, பேத்தி என்ன செய்கிறாள். அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்த பிறகு அவர் உட்கார்ந்திருக்கிற விதம் இருக்கிறதே, அதைப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று நான் வேகமாக நடப்பேன்.

போன வருஷம் தை பிறந்ததும் தடையில்லாச் சான்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஊரமைப்பு ஆபீசில் ஓடிய ஓட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மாசி முடிவதற்குள் வீடு கட்டுவதற்கான உத்தரவும் வந்துவிட்டது. கடைக்கு வந்தவர், முதல் தடவையாக வரிசையில் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஜெயஸ்ரீ, இத மொதல்ல போடு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிஷினில் வைத்தபடியே, "அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றேன். இங்கிருந்தே போன் போட்டார்.

"வந்துடுச்சு" என்றார்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்து முடிந்தது. பிறகு அக்கா, "சந்தோசங்க" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்தால் நாம் சொல்வோமே, அப்படி இருந்தது. சாருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

"பங்குனியில நாள் இருக்குது. கடைக்கா பூசைக்கு ரெண்டு பேரும் உக்காரணும். வந்துடு. பூசைய முடிச்சிட்டு நேரா கொளஞ்சியப்பருகிட்ட போயி பிராத வாபஸ் வாங்கிடலாம். நீ கட்டனது, நீதான் வாங்கணும்."

"வரேங்க" என்றார் அக்கா.

பூசையன்று தெருவே கூடிவிட்டது. இந்த மனையில் கல் விழுமா என்று பந்தயம் கட்டியவர்கள்கூட அதில் இருந்திருப்பார்கள். சாமிதுரை புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார், தன் சூளையில் சுட்ட பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்தார். கொத்தனார் செந்தமிழன் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாரும் அக்காவும் மனைப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லி முடித்ததும் இருவரும் சேர்ந்து ஈசானிய மூலையில் கல்லை வைத்தார்கள். சார் வைத்த பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அக்கா அவர் கையைப் பிடித்துக் கல்லைச் சரியாக நிறுத்தினார். போட்டோவில் சார் இருக்கிறார். அவர் இருக்கிற ஒரே பூசைப் படம் அதுதான், நான்தான் என் போனில் எடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு கோயிலுக்குப் போக ஆட்டோ கூப்பிடச் சொன்னார் சார். அக்கா புடவை மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"கோயிலுக்குப் போவ வேணாங்க."

"ஏன், வண்டிக்கு இன்னும் நேரம் இருக்குதே."

"அதுக்கில்ல. பிராத நான் அப்பவே வாபஸ் வாங்கிட்டேன்."

"எப்போ?"

"முன்னாடி ஒரு மாசி மகத்துக்கு வந்தப்ப. நீங்க திருச்சிக்குப் போயிருந்தீங்க."

நான் அங்கே நிற்கக் கூடாது என்று புரிந்தது. ஆனாலும் சிதறிக் கிடந்த பூவைப் பொறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். பிறகு சார் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

"அப்ப இது எப்பிடி வந்துது?"

"நீங்க அலைஞ்சீங்க, வந்துது." அக்கா கீழே குனிந்து தாம்பாளத்தை எடுத்தார். "எனக்கு இந்த வூடு வேணும்னு அவ்ளோ ஆச இருந்துதுங்க. பலக மேல ஏறி ஏறி நின்னப்ப தெனம் நெனப்பேன். இப்ப அந்த ஆச இல்ல. எப்ப போச்சுன்னு எனக்கே தெரியல. பாப்பா என் பக்கத்துலதான் தூங்குது. அங்க நாலு பேரு பழக்கமாயிட்டாங்க. ஆச இல்லாதப்ப சாமி வாசல்ல கேச மட்டும் நிக்க வெச்சா அது பொய்க்கேசு. அதான் போயி வாங்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லலியே."

"சொன்னா நீங்க அலையறத வுட்டுருப்பீங்க. அப்பறம் உங்களுக்கு என்னா இருக்குது?"

இரண்டு பேரும் சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம். சார், "வெயில்ல நிக்காத" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் ஜங்ஷனுக்கு நானும் போனேன். சார் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார், வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார், ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தார். "சேலத்துக்கு வந்துடுங்க, நமக்குன்னு ஒரு எடம் இல்லாமலா போயிடும்" என்று அக்கா இரண்டு தடவை சொன்னார். சார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருக்கும்போதே, "நான் போயிட்டு வரேன்" என்று சட்டென்று கிளம்பிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெண்டாட்டி வண்டி ஏறுகிற நேரத்திலும் என்ன கோப்பு வாழ்கிறது?

அவர் மனைக்குத்தான் போயிருக்கிறார். செந்தமிழன் பிறகு சொன்னார். வண்டி வருகிற நேரத்துக்கு மூச்சிரைக்க வந்து, புதிதாக வைத்த கல்லுக்குப் பக்கத்தில் நின்று தண்டவாளத்தையே பார்த்தாராம். ஆனால் அக்காவுக்கு அவர் பிடித்துக் கொடுத்த ஜன்னல் மனைக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னல். இத்தனை வருஷம் அந்த வண்டி போகிற சத்தம் கேட்டவருக்கு, மனை எந்தப் பக்கம் வரும் என்பது அன்றைக்கு மறந்துவிட்டது. வண்டி போய் மறைந்த பிறகும் கையைத் தூக்கியபடியே நின்றாராம்.

வீட்டைக் கட்டமாட்டார், மனையை விற்றுவிட்டு சேலத்துக்குப் போய்விடுவார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதைத்தான் விரும்பவும் செய்தேன். மறுநாளே செந்தமிழனைக் கூப்பிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார். ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை பெரிய வீடு, ஒரு ரூமைக் குறைத்துவிடலாமே என்று செந்தமிழன் கேட்டிருக்கிறார். உத்தரவு வாங்கின பிளானை மாற்றக் கூடாது, மாற்றினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும் என்றாராம். இவ்வளவுக்குப் பிறகும் அதே பேச்சு! செந்தமிழன் என் கடையில் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

இப்போது வீடு முடிந்துவிட்டது. பால் காய்ச்சுவதற்கு அக்கா வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார். வீடு நன்றாக இருக்கிறது என்று சுவரைத் தடவிப் பார்த்துச் சொன்னார். சமையல் மேடைக்கு முன்னால் மட்டும் நீண்ட நேரம் நின்றார். பலகை இல்லாமல் நின்று பாலைக் காய்ச்சி இறக்கினார், முந்தானையால் மேடையைத் துடைத்தார்.

போன வாரம் சாமிதுரையின் புதுச் சூளைக்கான காகிதங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சாரின் வீட்டுக்குப் போனேன். இரு, டீ போடுகிறேன் என்று உள்ளே போனார். நானும் பின்னால் போய் நின்றேன். அவ்வளவு உயரமான மனிதர் அந்தக் குள்ள மேடைக்கு முன்னால் முதுகை வளைத்து நின்றுகொண்டு, அடுப்பைப் பற்ற வைக்கிறார், டீத்தூள் போடுகிறார். நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்.

"கொஞ்சம் ஒசத்திக் கட்டியிருக்கக் கூடாதா சார்? நீங்கதான இங்க சமைக்கறீங்க?"

"பிளான்ல இப்பிடித்தாம்மா இருக்குது" என்றார்.

அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்துவிட்டு டீயை ஆற்றினார்.

"எங்க இருக்கீங்க?"

"வூட்லதான்" என்றார் சார்.

அந்தப் பக்கம் பேத்தி ஏதோ கேட்டு அழுதுகொண்டிருந்தது. அக்கா அதைச் சமாதானம் செய்துவிட்டு வந்து, "வண்டி வருதா?" என்றார்.

"வருது."

டீயை என் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். வண்டி போய் முடியும்வரை கையை உள்ளே எடுக்கவில்லை.